சதுப்புக் குருவியும் வெர்னாவின் முன்னாள் புருஷனும்

வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆல்டன் லீவிட் எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் நின்று அழுவான். ஊரே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் அதைப் பார்க்கும். அமெரிக்காவின் இந்த மெய்ன் கடற்கரையில் கோடை முழுசாய்ப் பிறக்காத அந்த நேரத்தில் வேறு பொழுதுபோக்கு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழுகைக்குக் காரணம் ஒரு குருவி. ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற உப்புச் சதுப்பில், புல்லுக்குள் எலி மாதிரி ஓடித் திரிகிற சதுப்புக் குருவி. முகத்தில் கொஞ்சம் ஆரஞ்சு நிறம், நெஞ்சில் நாலு கோடு, அவ்வளவுதான் அதன் அழகு. சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டுகிறவர்கள் அதைப் புல்லெலி என்பார்கள். ஆல்டன் அதைத் தாய்மையின் சிகரம் என்பான். தாய்க்குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சி ஊட்டுகிற படம் திரையில் வந்ததும் அவன் குரல் உடையும், கைக்குட்டை வெளியே வரும். "யாருடைய துணையும் இல்லாமல்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிற்பான். முன்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

கூடத்தின் பின்பக்கம் காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருக்கிற வெர்னா, சரியாக அந்த நேரம் பார்த்துத் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவள்தான் ஆல்டனின் முன்னாள் மனைவி. மூன்று குழந்தைகளோடு, யாருடைய துணையும் இல்லாமல், அவன் விட்டுவிட்டுப் போனவள்.

வெர்னாவின் அப்பா மட்டி தோண்டிப் பிழைத்தவர். அவளைக் கல்யாணம் செய்தபோது ஆல்டன் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தான். தீ, வெள்ளம், திருட்டு என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் பாலிசி உண்டு. அவனுக்கு எதிராக ஒரு பாலிசி எடுத்து வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவள் ரோவீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், கடைக்குட்டி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தபோது, "என்னை நானே தேடிக் கண்டுபிடிக்கணும், வெர்னா" என்று சொல்லிவிட்டு, படகுக்குப் பாய் தைக்கிற ஒரு பெண்ணோடு தெற்கே கிளம்பிப் போனான். தன்னைத் தேடுவதற்குப் பாய் தைக்கிறவள் எதற்கு என்று வெர்னா கேட்கவில்லை. இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பாய்க்காரிக்குப் பிறகு ஒரு பல் மருத்துவரின் உதவியாளர், அவளுக்குப் பிறகு மட்பாண்டம் செய்கிற ஒருத்தி என்று சேதிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் வெர்னா காது கொடுப்பதை விட்டுவிட்டாள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டி பொரிக்கிற கடை ஒன்று போட்டாள். கோடை விருந்தாளிகள் வெயிலில் வரிசையில் நின்று, பொரித்த மட்டி சாப்பிட்டு, எண்ணெய்க் கையோடு கடலைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். ரோவீனா போர்ட்லண்டில் நர்ஸ் ஆனாள். பையன்கள் இரண்டு பேரும் சிங்கி இறால் படகுக்குப் போனார்கள்.

எல்லாம் வளர்ந்து முடிந்த பிறகு ஆல்டன் திரும்பி வந்தான். ஒரு வெள்ளைத் தாடி, கழுத்தில் ஒரு தொலைநோக்கி, கையில் ஓய்வூதியம். தேடினது கடைசியில் கிடைத்துவிட்டது போலிருந்தது. இத்தனை வருஷமும் அது எங்கள் ஊர்ச் சதுப்புப் புல்லுக்குள்தான் கிடந்திருக்கிறது. படகுப் பட்டறைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்காகக் குருவிக் கூடு தேடித் தரும் தொண்டராகச் சேர்ந்தான். ஊர் அவனை மன்னித்துவிட்டது. தாடியும் தொலைநோக்கியும் இருக்கிற ஆண்பிள்ளையை எங்கள் ஊர் ரொம்ப நாள் கோபித்துக்கொள்ளாது. ரோவீனாவும் மன்னித்தாள். வெர்னாவை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவளைக் கோபப்படுத்தியது அவன் திரும்பி வந்தது அல்ல. அந்தக் குருவியினத்தில் ஆண் கூடு கட்டாது, அடை காக்காது, ஊட்டாது, இன்னொரு பெண்ணைத் தேடிப் போய்விடும் என்று வருஷா வருஷம் மேடையில் நின்று அவனே உருகி உருகிச் சொல்வான். சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சின்ன நெளிவுகூட வராது. நடிப்பாக இருந்தால்கூட வெர்னா பாராட்டியிருப்பாள். அவனுக்கு நிஜமாகவே உறைக்கவில்லை.

"அடியே, உன் ஆளு இந்த வருஷமும் அழுவானாடி?" என்று கேட்பாள் டாட் பெலெட்டியே. டாட், கடையில் வெர்னாவுக்குக் கூடமாட வேலை செய்கிறவள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அழாம? கல்யாணத்தன்னிக்கே அழுதவன். அன்னிக்கு நான்தான் அழுதிருக்கணும். முந்திக்கிட்டான்."

அந்த வருஷம் பேச்சுக்கு முந்தின நாள் அமாவாசை. கடல் பெருக்கெடுக்கிற நாள். கிழக்கிலிருந்து காற்று வேறு தள்ளிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், கடையில் கூட்டம். வரிசையில் நின்ற ஒரு கோடை விருந்தாளி அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "உங்க ஊர் ஆளுங்க ரொம்ப சிநேகமானவங்க. அந்தச் சதுப்புக்குள்ள ஒருத்தர் தொடை ஆழம் சேத்துல நின்னுக்கிட்டு எங்களைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டினார். நாங்களும் ஆட்டிட்டு வந்தோம்."

டாட் கரண்டியைக் கீழே வைத்தாள். "தாடி வச்சிருந்தாரா?"

"ஆமா, அழகான வெள்ளைத் தாடி."

"வெர்னா, உன் ஆளை நட்டு வச்சிருக்கான் யாரோ."

"என் ஆளு இல்ல. சதுப்புக்கு வேணும்னா வச்சுக்கட்டும்" என்றாள் வெர்னா. சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்தாள். கூப்பிட்டால் தீயணைப்பு வண்டி வரும், ஆனால் சாலையோடு நின்றுவிடும். சதுப்புக்குள் கொண்டுபோனால் வண்டியையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும். மட்டிக்காரர்கள் சேற்றின்மேல் சறுக்கிப் போகிற பலகை ஒன்று, அவள் அப்பாவுடையது, கடைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அதையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். வரிசையில் நின்றவர்கள் வறுத்த உருளைக்கிழங்கு மட்டுமாவது கிடைக்குமா என்று கேட்டார்கள்.

ஆல்டன் பழைய வாய்க்கால் ஒன்றின் மறைந்த குழியில் கால் விட்டிருந்தான். ரப்பர் கால்சட்டைக்குள் சேறு கவ்விப் பிடித்திருந்தது. அலை சத்தமில்லாமல் புல்லுக்கு ஊடே ஏறிக்கொண்டிருந்தது. கத்திக் கத்தி அவன் தொண்டை ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது.

"வெர்னா! நீயா?"

"ஆமா. தேவதைங்க எல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்களாம். நான்தான் கெடச்சேன்."

"முதல்ல அந்தக் கூட்டைப் பாரு. உனக்கு இடது பக்கம், அந்தச் சாஞ்ச புல்லுக்குள்ள. தண்ணி ஏறுது."

"உனக்கும்தான்யா ஏறுது."

"நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் வெர்னா.

இருந்தாலும் திரும்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், உள்ளங்கை அளவுக்கு ஒரு புல் கிண்ணம். மேலே புல்லை இழுத்து வளைத்துக் கூரை மாதிரி போட்டிருந்தது. தண்ணீர் கிண்ணத்துக்குள் வந்துவிட்டது. பொரிக்காத முட்டை ஒன்று மிதந்து, அந்தக் கூரையில் முட்டி, வெளியே போக முடியாமல் நின்றது. அரைகுறையாய் இறகு முளைத்த இரண்டு குஞ்சுகள் புல்தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. நழுவின, மறுபடி ஏறின. தாய்க்குருவி ஒரு சத்தமும் போடாமல் இங்கும் அங்கும் பறந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு குச்சியின் உச்சியில் இன்னொரு குருவி சாவகாசமாக உட்கார்ந்து, சூடான சட்டியில் தண்ணீர்த் துளி விழுந்த மாதிரி ஸ்ஸ் என்று சீறிக்கொண்டிருந்தது.

"இவளுக்கென்ன பைத்தியமா? கரையில அவ்வளவு மரம் இருக்கு. கொஞ்சம் மேலே கட்டினா என்ன?"

"மேலே கட்டினா காக்காயும் நரியும் தின்னுடும். கீழே கட்டினா கடல்" என்றான் ஆல்டன். மேடைக் குரல் அவனுக்குத் தானாக வந்துவிட்டது. "போன அமாவாசை வெள்ளம் வடிஞ்ச கையோட கட்ட ஆரம்பிச்சிருப்பா. அடுத்த பெரிய வெள்ளத்துக்குள்ள பொரிச்சு, வளர்த்து, கிளப்பி விட்டுடணும். நாலு வாரம்தான் கெடு."

"அங்க உக்காந்து சீறிக்கிட்டிருக்கானே, அவன்தான் அப்பனா?"

"சொல்ல முடியாது. ஒரே கூட்டுல ரெண்டு மூணு அப்பன் இருக்கலாம். ஆணுங்க ஓர் இடத்துல தங்காது. வரும், போகும்."

"வரும், போகும்" என்றாள் வெர்னா.

டாட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அபூர்வமான பிறவி" என்றான் ஆல்டன். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்திருந்தது.

வெர்னா அங்கிருந்து நகரவில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு குளிர்காலப் புயலில் கடல் அவள் வீட்டுக்குள் வந்தது. மூன்று பிள்ளைகளையும் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றினாள். தண்ணீர் மேஜைக்கு வந்ததும் சமையலறை அலமாரியின் தலைமேல் ஏற்றினாள். கடைக்குட்டி வழுக்கி வழுக்கி விழுந்தான். அன்றைக்கு ஆல்டன் தெற்கே ஏதோ ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருந்தான். அதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. அழுகிறதுக்கு அப்போது காய்ந்த இடம் எதுவும் இல்லை.

"வெர்னா" என்றான் ஆல்டன் மரியாதையாக. "தண்ணி."

கயிற்றை அவன் அக்குளுக்குள் கொடுத்து இரண்டு பெண்களும் இழுத்தார்கள். ஆல்டன் வந்தான், ரப்பர் கால்சட்டை வரவில்லை. சிவப்பு நீள உள்ளாடையோடு அவனைப் பலகையில் கிடத்திச் சாலைக்கு இழுத்து வந்தபோது, கோடை விருந்தாளிகள் காரை நிறுத்திக் கை ஆட்டினார்கள். இந்தத் தடவை டாட் பதிலுக்கு ஆட்டினாள்.

மறுநாள் காலையில் அவனுக்குக் குரல் சுத்தமாக இல்லை. நூலகர் ஹோப் சூயல் கடைக்கு ஓடி வந்தாள். நாற்காலி எல்லாம் போட்டாயிற்று, மாசச்சூசெட்ஸிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள், பேச ஆள் இல்லை.

"நீங்கதான் அந்தக் கூட்டைக் கண்ணால பார்த்தவங்க, வெர்னா. படம் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பக்கத்துல நின்னு நாலு வார்த்தை சொன்னாப் போதும்."

"எனக்குக் குருவியைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா."

"ஆல்டன் முன்வரிசையில இருப்பார். தப்பாச் சொன்னா கையைத் தூக்குவார்."

வெர்னா ஈர மட்டிகளை மாவில் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "அவரால பேசவே முடியாதா?"

"ஒரு வார்த்தைகூட வராது."

"அப்ப வரேன்" என்றாள் வெர்னா.

கூடம் நிறைந்திருந்தது. ஆல்டன் கம்பளி போர்த்தி, நோயாளி அரசன் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெர்னா கடையின் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேடை ஏறினாள்.

"இதுதான் அந்தக் குருவி. பார்க்க ஒண்ணும் பிரமாதம் இல்ல. முட்டை போட்டு ஆறு வாரம் அடை காக்கும்."

ஆல்டனின் கை உயர்ந்தது. இல்லை, இல்லை என்று ஆடியது.

"சரி, ஆறு இல்லையாம். எதுவோ ஒண்ணு. அடை காக்கறவளுக்குத் தெரியும் எத்தனை வாரம்னு. அடுத்த படம் போடுங்க."

அடுத்தது ஆண்குருவி. வெர்னா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர் ஐயா. இவரோட வேலை என்னன்னு சொல்றேன், சட்டுனு முடிஞ்சுடும். உக்காருவார். சீறுவார். அதைப் பாட்டுன்னு சொல்றாங்க. கொதிக்கிற எண்ணெயில ஈர மட்டியைப் போட்டா இதைவிட நல்லாப் பாடும். அப்புறம் கண்ணுல யாராவது பட்டா பறந்து போவார். கூடு கட்ட வரச் சொன்னா நேரமில்ல. அடை காக்கச் சொன்னா முதுகு வலி. குஞ்சுக்கு ஒரு பூச்சி கொண்டு வாய்யான்னா, ஐயா தன்னைத்தானே தேடிக்கிட்டிருக்கார். தேடட்டும். கெடச்சதும் தாடியெல்லாம் வளர்த்துக்கிட்டு வந்து, பொம்பளைக் குருவியைப் பத்திப் பேசுவார். ரொம்ப உருக்கமாப் பேசுவார்."

பின்வரிசையிலிருந்து டாட்டின் சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் ஆல்டனும் சேர்ந்து சிரித்தான். எல்லோரும் எங்கே பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். மெதுவாக அவன் சிரிப்பு நின்றது. எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஸ்ஸ் என்று காற்று மட்டும் வந்தது. "பாடறார்!" என்று யாரோ கத்த, நூலகர் ஹோப்கூட மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தாய்க்குருவியின் படம் வந்தது. சிரித்து முடிக்காத முகங்கள் அடுத்த வேடிக்கைக்குக் காத்திருந்தன. முன்வரிசையில் வழக்கம்போலக் கைக்குட்டைகளும் தயாராக இருந்தன.

"இவளைப் பார்த்து யாரும் அழ வேண்டாம்" என்றாள் வெர்னா. "நீங்க அழறதைப் பார்க்க இவளுக்கு நேரம் இல்ல. உதவி பண்ணணும்னு துடிக்கிறவங்க உங்க நாயைச் சதுப்புக்குள்ள விடாதீங்க. கரையோரம் மண்ணைக் கொட்டிக் கொட்டி வீடு கட்டாதீங்க. தண்ணி ஏறினா அவ நகர்ந்து போக ஓர் இடம் வேணாமா?"

கரையோரம் மண்ணைக் கொட்டி வீடு கட்டியவர்கள் கூடத்தின் உத்தரத்தை ஆராய்ந்தார்கள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே ஆல்டன் வந்து நின்றான். கழுத்தில் சால்வை. கிசுகிசுப்பாக, காற்றும் எழுத்தும் பாதிப் பாதியாகக் கேட்டான்:

"நேத்து நீ சொன்னது... என்னைப் பத்தியா?"

"சேச்சே. குருவியைப் பத்தி."

"இத்தனை வருஷமா நானே அதைச் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு நாளும் தோணல, வெர்னா."

"எப்படித் தோணும்? இத்தனை காலமா மட்டி பொரிக்கிறேன். ஒரு மட்டியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னித்துக்கொள் என்பது போல உதடு அசைந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

முயற்சி செய்தான், வரவில்லை.

"பரவால்ல, குரல் வரட்டும்" என்று சொல்லி, ஒரு கூடை வெங்காயத்தை அவன் முன்னால் வைத்தாள். ஆல்டன் உட்கார்ந்து உரித்தான். கண்ணில் நீர் வழிந்தது. முந்தின நாள் கூடத்துக்கு வந்திருந்தவர்கள் அதைப் பார்த்து, பாவம், மனுஷனுக்கு இன்னும் ஆறவில்லை என்றார்கள். மதியம் வரை உரித்தான். அப்புறம் சதுப்புக்கு மேலே ஏதோ ஒரு பருந்து வட்டமடித்தது. கத்தியைப் போட்டுவிட்டுத் தொலைநோக்கியோடு போனவன், மீதி வெங்காயத்துக்குத் திரும்பி வரவில்லை.

குரல் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அதற்குள் சொல்ல வேண்டியது மறந்துவிட்டது. மாசச்சூசெட்ஸிலிருந்து பேச்சு கேட்க வந்தவர்களில் கடல் ஆலாப் பறவைகளை ஆராய்கிற ஒரு பெண்மணி இருந்தாள். எல்லோரும் சிரித்தபோது அவன் ஒன்றும் பேசாமல் நின்ற கம்பீரம் அவள் மனதைத் தொட்டுவிட்டதாம். செப்டம்பர் கடைசியில் சதுப்புக் குருவிகள் தெற்கே கிளம்பின. ஆல்டனும் கிளம்பினான்.

ரோவீனா போர்ட்லண்டிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, அப்பா போயிட்டாராமே?"

"பருவம் வந்துச்சு, போறார்."

"நீ மேடையில அப்படி அவமானப்படுத்தினதாலதான்."

"அதுக்கு முன்னாடி போனப்ப நான் மேடை ஏறலையே, கண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ரோவீனாவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதுதான். வெர்னாவின் நுனிநாக்கில் நாலைந்து பதில்கள் நின்றன. எல்லாம் நல்ல பதில்கள். எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"சனிக்கிழமை பீன்ஸ் வேக வைக்கிறேன். கிளம்பி வா. ரெண்டு நாள் இரு" என்றாள்.

அடுத்த மே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. ஆல்டன் பார்த்துவந்த கூடுகளைப் பார்க்க ஆள் வேண்டும், அவர்களுடைய ஆள் ஒருத்தி வந்து கற்றுத் தருவாள் என்றார்கள். வெர்னா முடியாது என்றாள். மறுபடி கூப்பிட்டார்கள். கடை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, குருவி என்றாலே ஆகாது என்றாள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை நாள், டாட்டையும் இழுத்துக்கொண்டு சதுப்புக்குப் போனாள். சும்மா காற்று வாங்கப் போனதாகச் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேரும் காற்று வாங்குவதற்கு ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு போனதை ஊர் பார்த்தது.

அந்த ஜூனில் வந்த வெள்ளம் மோசமானது. அவர்கள் கண்டு வைத்திருந்த கூடுகள் எல்லாம் போயின. கூரை போட்டது, போடாதது, முட்டை, குஞ்சு என்று கடல் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு பெண்களும் ஒரு மணல்திட்டில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றார்கள். பச்சைக் கண் ஈக்கள் சட்டையோடு சேர்த்துக் கடித்தன. குச்சி உச்சியில் ஐயா ஒருவர் ஸ்ஸ் என்று பாடிக்கொண்டிருந்தார்.

"வாயை மூடுய்யா" என்றாள் வெர்னா.

"போலாமாடி? என் கழுத்தையே தின்னுடுச்சு ஈ" என்றாள் டாட்.

சேறு இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த இடத்தில், புல்லுக்குள் ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. வாயில் ஒரு காய்ந்த புல்.

"இரு" என்றாள் வெர்னா. "அந்தப் பைத்தியக்காரி புல்லைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. எங்க கொண்டு போறான்னு பார்த்துட்டுப் போலாம்."